வண்டியை விற்க வேண்டாம், அண்ணாச்சி

வாசகர் கேள்வி: நான் கல்லிடைக்குறிச்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வயது 67. என் ஒரே மகன் 11 ஆண்டுகள் மறைமலை நகர்ப் பக்கம், ஃபோர்டு கார் ஆலைக்கு இருக்கைச் சட்டங்கள் செய்துகொடுத்த ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தான். கார் ஆலை மூடப்பட்டதும் அந்தக் கம்பெனியும் ஆட்களைக் குறைத்தது. இரண்டு மாதச் சம்பளத்தோடு ஊருக்கு வந்துவிட்டான். இப்போது அம்பாசமுத்திரத்தில் ஒரு பட்டறையில் பாதிச் சம்பளத்துக்கு இருக்கிறான். வீட்டில் 2016 இறுதியில் வாங்கிய ஈகோஸ்போர்ட் டீசல் வண்டி இருக்கிறது. 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. என் மனைவியைச் சிறுநீரகச் சிகிச்சைக்காக வாரம் இரண்டு முறை பாளையங்கோட்டைக்கு அழைத்துப் போக வேண்டும். பத்து வருட டீசல் வண்டி இனி ஓட முடியாது, இப்போதே கொடுத்தால் 2,25,000 ரூபாய் தருகிறேன் என்கிறார் தரகர். என் சேமிப்பும் மகனின் பி.எஃப். பணமும் சேர்த்தால் 9 லட்சம் வரும். நம்மை விட்டுப் போன கம்பெனியின் வண்டியை வாசலில் பார்க்கவே எனக்கு எரிகிறது. வ.உ.சி. பிறந்த சீமைக்காரன் நான். இனி இந்தியக் கம்பெனி வண்டி மட்டுமே என்று முடிவு செய்துவிட்டேன். மகனோ, 'இந்த வண்டியின் சீட்டுச் சட்டம் நான் சோதித்து அனுப்பியது, விற்கவே கூடாது' என்கிறான். தூத்துக்குடியில் செய்யும் மின்காரை வாங்கலாம் என்பது மருமகளின் யோசனை. காப்பீடு அடுத்த மாதம் முடிகிறது. வீட்டில் மூன்று பேரும் மூன்று பக்கம் நிற்கிறோம். என்ன செய்வது?

பதில்:

அண்ணாச்சி, வணக்கம். ஆசிரியராக இருந்த உங்களை இப்படி அழைப்பதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். நான் உங்களுக்கு எட்டு வயது இளையவன். பாளையங்கோட்டையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மோட்டார் வாகனக் காப்பீட்டு மதிப்பீட்டாளராக, நம் ஊர் வழக்கில் சொன்னால் 'இன்சூரன்ஸ் சர்வேயராக' இருக்கிறேன். மோதிய வண்டி, கவிழ்ந்த வண்டி, வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்று பார்த்துப் பார்த்து, ஒரு வண்டி எதனால் வாழ்கிறது, எதனால் சாகிறது என்பது எனக்கு ஓரளவு தெரியும். அந்த அனுபவத்திலிருந்துதான் சொல்கிறேன். வண்டியை இப்போது விற்க வேண்டாம்.

தரகர் சொன்னதை முதலில் தள்ளிவிடுகிறேன். பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டி ஓடக்கூடாது என்பது டெல்லிக்கும் அதைச் சுற்றியுள்ள தலைநகர் வட்டாரத்துக்கும் வந்த உத்தரவு. தாமிரபரணிக் கரையில் அது செல்லாது. சொந்த உபயோகக் காருக்குப் பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்கு உண்டு. உங்கள் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், 2031 இறுதி வரை தேதி போட்டிருக்கும். அதன் பிறகும் தகுதிச் சான்று வாங்கி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். டெல்லிச் செய்தியைச் சொல்லிப் பயமுறுத்திப் பழைய டீசல் வண்டிகளை அடிமாட்டு விலைக்கு வாங்குவதைச் சில ஆண்டுகளாகவே பார்த்து வருகிறேன். அதிகம் ஏமாறுகிறவர்கள் உங்களைப் போல மரியாதையாகப் பேசுகிற ஓய்வுபெற்றவர்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

அடுத்து, அவசரமான விஷயம் காப்பீடு. கம்பெனி மூடிவிட்டுப் போன வண்டியை வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதைப் பெரும்பாலோர் விழுந்த பிறகுதான் பார்க்கிறார்கள்.

பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை அச்சிட்டிருப்பார்கள். வண்டிக்கு அந்த ஆண்டு ஒப்புக்கொண்ட மதிப்பு அது. புதிய வண்டிக்கு இதைக் கணக்கிட விகிதம் உண்டு. ஆறு மாதம் கடந்தால் 15 சதவீதம் கழியும், இரண்டாம் ஆண்டில் 20, மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 50. ஐந்து ஆண்டுக்கு மேல் விகிதம் கிடையாது. நீங்களும் காப்பீட்டு நிறுவனமும் பேசி ஒப்புக்கொள்வதுதான் மதிப்பு. புதுப்பிக்கும்போது முகவர் என்ன செய்வார்? 'பழைய வண்டிதானே, மதிப்பைக் குறைத்துப் போடுகிறேன், பிரீமியம் குறையும்' என்பார். நாமும் சரி என்போம்.

சில ஆண்டுகளுக்கு முன் முக்கூடல் சாலையில் மாட்டுக்கு வழிவிடப் போய்ப் புளியமரத்தில் மோதிய ஒரு காரை மதிப்பிட்டேன். உற்பத்தியை நிறுத்திவிட்ட ஒரு கம்பெனியின் வண்டி, பெயர் வேண்டாம். ஓட்டியவருக்குச் சிராய்ப்போடு போயிற்று. முன்பம்பர், இரண்டு ஹெட்லைட், ரேடியேட்டர், பானெட், ஒரு காற்றுப் பை. உதிரிபாகம் கிடைப்பது அரிதாகிவிட்டதால் விலை ஏறியிருந்தது. பிளாஸ்டிக்குக்குப் பாதி, இரும்புக்கு 40 சதவீதம் என்று விதிப்படி தேய்மானம் கழித்த பிறகும் செலவு 2,20,000 ரூபாய் வந்தது. அவர் பாலிசியில் ஐ.டி.வி. 2,80,000. பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது 'முழு இழப்பு', அதாவது பழுதுபார்க்காமல் ஐ.டி.வி.யைக் கணக்காக வைத்துப் பணம் கொடுத்து முடித்துவிடுவது, என்பது விதி. 75 சதவீதம் என்பது 2,10,000. பத்தாயிரம் ரூபாய் வித்தியாசத்தில் நல்ல இன்ஜினும் நல்ல கியர் பெட்டியும் உள்ள வண்டி காகிதத்தில் செத்துப்போயிற்று. அதே வண்டிக்கு அப்போது சந்தையில் 4 லட்சம் மதிப்பு இருந்தது. அந்த மதிப்பையே பாலிசியில் போட்டிருந்தால் வரம்பு 3 லட்சமாக இருந்திருக்கும். நானே பழுதுபார்க்க அனுமதித்திருப்பேன். மதிப்பைக் குறைத்ததால் அவர் அந்த ஆண்டு மிச்சப்படுத்தியது ஏறக்குறைய 2,000 ரூபாய். அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்ட நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆகவே அடுத்த மாதம் புதுப்பிக்கும்போது, உங்கள் வண்டி இந்த நிலையில் நம் ஊரில் உண்மையில் என்ன விலைக்குப் போகும் என்று மூன்று பேரிடம் விசாரித்து, அதில் உயர்ந்த மதிப்பை ஐ.டி.வி.யாகப் போடச் சொல்லி வற்புறுத்துங்கள். அந்த மூவரில் இந்தத் தரகர் வேண்டாம். மூன்றாம் நபர்க் காப்பீடு மட்டும் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பாகம் அரிதாகிவிட்ட வண்டிக்குத்தான் முழுக் காப்பீடு அதிகம் தேவை. ஒரு நாள்கூட இடைவெளி விடாமல் புதுப்பியுங்கள்.

உதிரிபாகக் கவலைக்கு வருகிறேன். 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு தன் முடிவை அறிவித்தபோதே, ஏற்கெனவே வாங்கியவர்களுக்குச் சேவையும் உதிரிபாகமும் தொடரும் என்றும் சொன்னது. 2022 ஜூலையில் மறைமலை நகரில் கடைசி ஈகோஸ்போர்ட் வெளியே வந்தது. ஆலை மூடினால் பாகமே கிடைக்காது என்று பலரும் நினைக்கிறார்கள். கார் ஆலை எல்லாப் பாகத்தையும் தானே செய்வதில்லை. உங்கள் மகனைப் போன்றவர்கள் வேலை பார்த்த நூற்றுக்கணக்கான கம்பெனிகள்தான் செய்கின்றன. கிளட்ச், பிரேக் பேட், பேரிங், ஃபில்டர், டீசல் பம்ப் ஆகியவற்றைச் செய்பவர்கள் ஐந்தாறு கார் கம்பெனிகளுக்கு ஒரே நேரத்தில் செய்து கொடுப்பவர்கள். அவை இன்னும் பல ஆண்டுகள் வண்ணார்பேட்டையில் கேட்டாலே கிடைக்கும். திண்டாட்டம் வருவது அந்த ஒரு மாடலுக்கென்றே அச்சு வெட்டிச் செய்த பொருள்களில்தான்: ஹெட்லைட், பம்பர், கதவுப் பூட்டு, மீட்டர்ப் பலகை, மின்னணுப் பெட்டிகள். இவற்றில் உடைந்தால் வண்டி நகராது என்கிற பொருள்கள் சிலவே. மகனிடம் சொல்லி, ஒரு பக்கக் கண்ணாடி, ஒரு ஹெட்லைட், கதவுக் கைப்பிடி ஆகியவற்றைக் கழித்துப் போட்ட வண்டிகளிலிருந்து இப்போதே வாங்கித் துணி சுற்றி அட்டத்தில் போட்டு வையுங்கள். பட்டறையில் இருப்பவருக்கு அவை எங்கே கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இடையில் ஒரு செய்தியைச் சிலர் உங்கள் காதில் போடக்கூடும். 'ஃபோர்டு திரும்பி வருகிறது, வண்டி விலை ஏறப் போகிறது' என்பார்கள். 2025 இறுதியில் தமிழ்நாடு அரசோடு அது செய்துகொண்டது இன்ஜின் ஆலைக்கான ஒப்பந்தம். 3,250 கோடி ரூபாய் முதலீடு, 2029-இல் உற்பத்தி, எல்லாம் ஏற்றுமதிக்கு. அது நடந்தால் அங்கே சிலருக்கு வேலை கிடைக்கும், எனக்கும் மகிழ்ச்சியே. உங்கள் வாசலில் நிற்கும் வண்டிக்கு அதனால் ஒரு போல்ட்டுகூட வராது.

இந்த வண்டிக்கு இப்போது செய்ய வேண்டியது சிறு வைத்தியம்தான். டைமிங் பெல்ட்டை மாற்றுங்கள். 92,000 கிலோமீட்டர்தானே என்று விடாதீர்கள், ரப்பருக்கு வயதும் தேய்மானம்தான். பெல்ட் அறுந்தால் இன்ஜினே போகும். அதுவும் மதினியை வைத்துக்கொண்டு வீரவநல்லூர் தாண்டி நடுவழியில் அறுந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதோடு தண்ணீர் பம்ப், குளிர்விப்புக் குழாய்கள், சஸ்பென்ஷன் புஷ்கள், பிரேக், டயர் நான்கு, பேட்டரி. எல்லாம் சேர்த்து 60,000 முதல் 80,000 ரூபாய்க்குள் முடியும். வாரம் இரண்டு முறை பாளையங்கோட்டை போய்வந்தால் ஆண்டுக்கு ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். ஐந்து ஆண்டு ஓடினாலும் ஒன்றரை லட்சத்தைத் தொடாது. ஒழுங்காக எண்ணெய் மாற்றிய டீசல் இன்ஜினுக்கு அது ஒரு தூரமே இல்லை.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்த இடத்துக்கு வருகிறேன். இந்தியக் கம்பெனி வண்டி மட்டுமே என்கிற முடிவு.

அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மறைமலை நகர் ஆலையை மூடுவது என்ற முடிவு மறைமலை நகரில் எடுக்கப்பட்டதில்லை. பத்து ஆண்டுகளில் இந்தியாவில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கணக்குச் சொன்னார்கள். முடிவு அமெரிக்காவில் எடுக்கப்பட்டது. உள்ளே வேலை பார்த்தவர்களுக்காவது சங்கம் இருந்தது, இழப்பீட்டுக்குப் பல மாதம் பேச முடிந்தது. வெளியே பாகம் செய்து கொடுத்தவர்களுக்கு, உங்கள் மகனுக்கு, பேசுவதற்கு ஒரு மேசைகூட இல்லை. முதலாளி இந்த ஊரிலேயே இருந்தால் அவன் வீட்டு வாசலிலாவது போய் நிற்கலாமே என்று ஒரு தகப்பன் நினைப்பதில் என்ன தவறு? சொந்த நாட்டில் வடிவமைத்து, சொந்த நாட்டில் முடிவெடுக்கும் கம்பெனி வளர வேண்டும் என்பது எனக்கும் ஆசைதான். டாடாவும் மஹிந்திராவும் இன்று செய்யும் வண்டிகளை மோதல் சோதனையிலும் மோதிய பிறகும் பார்த்தவன் என்ற முறையில், அவற்றைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. இந்தியாவில் செய்து இந்தியாவிலேயே விற்ற கார்களில், 2018-இல் மோதல் சோதனையில் முதன்முதலாக ஐந்து நட்சத்திரம் வாங்கியது டாடாவின் நெக்ஸான்.

ஆனால் 'இந்தியக் கம்பெனி கைவிடாது' என்று எண்ணி வாங்காதீர்கள். அம்பாஸடரைவிட இந்திய வண்டி என்று நாம் எதைக் கொண்டாடினோம்? பாளையங்கோட்டைப் பேருந்து நிலையத்தில் வரிசையாக நின்ற அம்பாஸடர் வாடகைக் கார்களில் ஒன்று என் சித்தப்பாவுடையது. அதன் கம்பெனி இந்தியக் கம்பெனி. 2014 மே மாதம் வங்காளத்தில் உத்தரபாரா ஆலையில் வேலையை நிறுத்தினார்கள். அங்கேயும் தொழிலாளர்கள் வாசலில்தான் நின்றார்கள். இன்னொன்று, அந்த அம்பாஸடரே மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஆங்கிலேயக் காரின் மறுபிறப்பு. நம் வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு கம்பெனியும் இந்தியக் கைகளில்தான் இருந்தது. எண்பதுகளின் இறுதியில் அதுவும் மூடியது.

மறுபக்கமும் பாருங்கள். மாருதியை நம் கம்பெனி என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். அதில் பெரும்பங்கு ஜப்பானின் சுசுகி கையில். ஜாகுவார் ஆங்கில வண்டி என்கிறார்கள். 2008 முதல் அது டாடாவுடையது. ஹூண்டாய் கொரியக் கம்பெனி. அதன் வண்டி இருங்காட்டுக்கோட்டையில் நம் பிள்ளைகள் கையால் ஆகிறது. உங்கள் ஈகோஸ்போர்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கம்பெனி, ஆனால் அமெரிக்காவில் விற்ற ஈகோஸ்போர்ட் சென்னையிலிருந்து கப்பலில் போனது. அங்கே ஒருவர் 'உள்நாட்டுக் கம்பெனி வண்டி வாங்குகிறேன்' என்று அதை வாங்கியிருந்தால், அவர் உட்கார்ந்திருப்பது உங்கள் மகனோ அவரோடு வேலை பார்த்தவர்களோ சோதித்து அனுப்பிய இருக்கையில்.

ஆர்.சி. புத்தகத்தில் சேஸிஸ் எண் 17 எழுத்துகளில் இருக்கும். அது எம்.ஏ. முதல் எம்.இ. வரையுள்ள எழுத்துகளில் தொடங்கினால் இந்தியாவில் செய்த வண்டி. டாடாவுக்கு எம்.ஏ.டி., ஹூண்டாய்க்கு எம்.ஏ.எல்., உங்கள் வண்டிக்கு எம்.ஏ.ஜே. என்று இருக்கும். எழுத்து அவ்வளவுதான் சொல்லும். உள்ளே இருக்கும் பாகங்களில் எத்தனை நம்முடையது என்பதை அது சொல்லாது. புனேயில் பூட்டிய வண்டியில் சென்னைப் பக்கத்து பிரேக் இருக்கலாம், சென்னையில் பூட்டியதில் சீனத்து மின்னணுப் பெட்டி இருக்கலாம். மதுரையில் 1912-இல் பஸ் ஓட்டத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் நம் திருக்குறுங்குடியில் பிறந்தவர். அவர் வழிவந்த கம்பெனிகளின் பாகங்களைச் சுமக்காத கார் கம்பெனி இந்தியாவில் அரிது. வெளிநாட்டுக் கம்பெனிகளும் அதில் சேர்த்தி.

நீங்கள் வ.உ.சி.யைச் சொன்னீர்கள். அவர் பெயர் வந்தபின் மேலோட்டமாகப் பேசிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி, வீடு வீடாய், ஊர் ஊராய்ப் பங்கு விற்று, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொள்ளவும் முன்வந்தது. வ.உ.சி. விட்ட சுதேசிக் கப்பல்கள், காலியாவும் லாவோவும், இங்கே செய்தவையா? வெளிநாட்டில் வாங்கியவை. கப்பல் யார் செய்தது என்று அவர் பார்க்கவில்லை, லாபமும் முடிவும் யார் கையில் என்று பார்த்தார். இதுவரை உங்கள் பக்கம்.

ஆனால் அதே வ.உ.சி. 1908 பிப்ரவரி இறுதியில் என்ன செய்தார்? தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கினார். அது ஹார்வி என்ற வெள்ளைக்காரர்களின் மில். 'அந்நியன் மில், அதில் ஏன் போய் வேலை பார்க்கிறீர்கள்' என்று அவர் தொழிலாளர்களைக் கேட்கவில்லை. உள்ளே இருப்பவர்கள் நம்மவர்கள் என்று அவர்களோடு நின்றார். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்த பிறகுதான் நூல் ஓடியது. சில நாள்களில் அவரைக் கைது செய்தார்கள், திருநெல்வேலி எழுந்தது. அதே ஹார்விகளின் இன்னொரு மில் உங்கள் ஊருக்குப் பக்கத்தில், விக்கிரமசிங்கபுரத்தில், பாபநாசத்து அருவித் தண்ணீரின் பலத்தில் ஓடியது. அந்த மில் சம்பளத்தில் படித்த பிள்ளைகள் எத்தனை பேர் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

கப்பலில் உடைமை நம்முடையது, செய்த கை வேறு. மில்லில் செய்த கை நம்முடையது, உடைமை வேறு. வ.உ.சி. இரண்டையும் தன் காரியமாக எடுத்துக்கொண்டார். உங்கள் வீட்டில் உடைமையைப் பார்க்கிறவர் நீங்கள், கையைப் பார்க்கிறவர் உங்கள் மகன். நீங்கள் வாசலில் பார்ப்பது விட்டுவிட்டுப் போன கம்பெனியின் பெயர்ப்பட்டை. அவர் பார்ப்பது தன் 11 ஆண்டுகளை. அந்தப் பெயரின் மேல் உள்ள கோபத்தில் வண்டியை விற்றால், கம்பெனிக்கு அதனால் ஒரு காசு நஷ்டமில்லை. அதன் பணம் 2016-லேயே போய்ச் சேர்ந்துவிட்டது. வாசலை விட்டுப் போவது உங்கள் மகனின் உழைப்பு மட்டும்தான். 'சீட்டுச் சட்டம் நான் சோதித்து அனுப்பியது' என்று அவர் சொன்னதை நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியை நான்கைந்து முறை படித்தேன்.

தூத்துக்குடி மின்காருக்கு வருகிறேன். 2025 ஆகஸ்ட் 4 அன்று சில்லாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் ஆலை திறந்தது. வியட்நாம் கம்பெனி, தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 வண்டி செய்யும் திறன். நம் தென்பகுதியில் கார் ஆலை என்பது என் தலைமுறை கனவிலும் நினைக்காதது. நான்குநேரியில் பெரிய தொழிற்பேட்டை வரும், வரும் என்று காத்திருந்து நரைத்தவர்களில் நானும் ஒருவன். அதனால் மருமகளின் ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. இருந்தாலும் உங்களுக்கு இப்போது அந்த வண்டி வேண்டாம். வண்டி கெட்டது என்பதால் அல்ல. உங்கள் வீட்டில் வண்டி ஒரு நாள் நின்றால் மதினியின் சிகிச்சை நின்றுபோகும். புதிய கம்பெனி, புதிய மாடல், புதிய சேவை மையம் மூன்றும் சேரும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் சிறு பாகத்துக்கும் காத்திருக்க நேரும். எந்த நாட்டுக் கம்பெனியாக இருந்தாலும் இதை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு வண்டி வீட்டில் வைத்திருப்பவர்கள் முதலில் வாங்கட்டும். தூத்துக்குடியிலோ கங்கைகொண்டானிலோ பாகம் செய்யும் கம்பெனிகள் அதைச் சுற்றி வருகின்றனவா என்று பார்ப்போம். வெளியிலிருந்து வந்த பெட்டியைப் பிரித்துப் பூட்டும் ஆலை சுலபமாகப் பெட்டியைக் கட்டிவிடும். சுற்றிலும் நூறு பட்டறை வேர்விட்ட ஆலை அவ்வளவு சுலபமாக நகராது. மறைமலை நகரில் வேர் இருந்தும் போய்விட்டார்களே என்று கேட்பீர்கள். ஆமாம், போனார்கள், ஆனால் அந்த வேர் சாகவில்லை, மற்றக் கம்பெனிகளுக்குப் பாகம் செய்துகொண்டு பாதிக்கு மேல் உயிரோடு இருக்கிறது.

உங்கள் மகனுக்கு அந்த ஆலையும் கங்கைகொண்டான் சிப்காட்டும் வேறு விதத்தில் முக்கியம். கார் இருக்கைச் சட்டத்தில் 11 ஆண்டு தரம் பார்த்தவர் என்பது இந்தப் பக்கத்தில் எளிதில் கிடைக்காத அனுபவம். பட்டறையில் பாதிச் சம்பளத்துக்கு இருப்பதில் குறைவில்லை. ஆனால் அந்த அனுபவத்தை ஒரு தாளில் விவரமாக எழுதி, எந்தக் கருவியால் எதை அளந்தார், எந்தக் குறையைக் கண்டுபிடித்தார் என்று சேர்த்து, இரண்டு இடத்துக்கும் அனுப்பச் சொல்லுங்கள். தமிழ் வாக்கியங்களை ஒழுங்குபடுத்தியே வாழ்ந்தவர் நீங்கள். அந்தத் தாளை அவரோடு உட்கார்ந்து நீங்களே சரிபாருங்கள்.

இதனால்தான் அந்த 9 லட்சத்தில் மகனின் பி.எஃப். பணத்தைத் தொடவே கூடாது என்கிறேன். இது என் தொழில் அல்ல என்றாலும் இவ்வளவு எனக்கு உறுதியாகத் தெரியும்: பத்து ஆண்டுப் பணி நிறைந்ததால் 58 வயதில் ஓய்வூதியத்துக்கு அவருக்கு உரிமை வந்துவிட்டது. புதிய வேலை கிடைத்தால் அதே கணக்கை அங்கே மாற்றிக்கொள்ளலாம். இடையில் வேலை இல்லாவிட்டால் ஓய்வூதியத் திட்டச் சான்றிதழை வாங்கி வைக்கட்டும். 9 லட்சத்தையும் போட்டுப் புதிய வண்டி வாங்கினால், மேலே சொன்ன கணக்குப்படி ஐந்தாம் ஆண்டில் அதன் மதிப்பு பாதி. சம்பளம் பாதியான வீட்டில், சிகிச்சை நடக்கும் வீட்டில், அப்படிக் கரைகிற பொருளில் கடைசிக் கையிருப்பைப் போடுவதை எந்தக் கொள்கையின் பெயராலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பழைய வண்டி வாங்கலாமே என்ற எண்ணம் வந்தால் ஒரே எச்சரிக்கை. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் நம் மாவட்டத்திலும் தூத்துக்குடியிலும் மூழ்கிய கார்கள் பல, துடைத்துப் பளபளப்பாக்கிச் சந்தையில் சுற்றுகின்றன. அந்த நாள்களில் வீட்டுக்குப் போகாமல் அவற்றை எண்ணியவர்களில் நானும் ஒருவன். எந்த வண்டியானாலும் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் வண்டல் கோடு இருந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

சில ஆண்டுகள் கழித்து வாங்கியே தீர வேண்டிய நாள் வரும். மகனுக்கு நல்ல வேலை அமைந்திருக்கும் என்று நம்புவோம். அன்றைக்கு உங்கள் விருப்பப்படி இந்தியக் கம்பெனி வண்டியையே பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, அதுவும் உதவும். ஷோரூமுக்குப் போகும் முன் உதிரிபாகக் கடைக்குப் போங்கள். முன் கண்ணாடி, ஹெட்லைட், முன்பம்பர், கதவு, ஒரு சென்சார் என்று ஐந்து பொருள்களைக் கேளுங்கள். எது கையில் இருக்கிறது, எதற்கு எத்தனை நாள் ஆகும் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை மகனிடம் கொடுங்கள். எந்த வண்டி என்பதை அவர் சொல்லட்டும்.

காப்பீடு முடிவதற்கு முன், சிகிச்சைக்கு வரும் ஒரு நாளில் மதினி மருத்துவமனையில் இருக்கும் நேரத்தில் என்னிடம் வாருங்கள். ஆர்.சி. புத்தகம், பழைய பாலிசி, கடைசியாக எண்ணெய் மாற்றிய சீட்டு ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். மதிப்பை எழுத்தில் தருகிறேன், கட்டணம் வேண்டாம். வண்டியை மகனே ஓட்டி வரட்டும். அந்த இருக்கைச் சட்டத்தில் என்னென்ன சோதிப்பார்கள் என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை.